வரும்போது நின்றிருக்கலாம்

2003 பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் நாகலாபுரம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம். தொண்டை கட்டிவிட்டது. மிளகைக் கடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

சின்ன மாட்டுப் பிரிவில் பதினோரு வண்டி. பின்னால் ஜீப்பில் மைக்கோடு நான். பதினோரு சாரதிகளின் பெயரையும் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஜனம் கேட்க வந்தது ஒரே பெயரை: காளீஸ்வரன். முப்பது வயதுகூட ஆகவில்லை, கோவில்பட்டியிலிருந்து கடற்கரை வரைக்கும் அவன் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நாலு வருஷமாக ஊர் ஊராகக் கத்தி அந்தப் பெயரை வளர்த்ததில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வரும்போது கடைசி வளைவில் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினான். குறுக்கே வெட்டி ஏறினால் இரண்டு வண்டி நீளம் மிச்சம். பக்கத்தில் வந்த செல்லத்துரையின் வண்டி ஒதுங்க இடமில்லாமல் ஓடையில் சாய்ந்தது. நல்லவேளை, மாட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஜெயித்து இறங்கியவன் வழக்கம்போல நேரே என்னிடம் வந்து மைக்கை வாங்கினான். “தப்பு எம்மேலதான். நான் மண்ணுல இறங்கியிருக்கப்புடாது. செல்லத்துரை அண்ணாச்சி நல்ல ஓட்டு ஓட்டுனாவ. எல்லாரும் என்னை மன்னிக்கணும்.” ஒரே விசில். செல்லத்துரையே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘ஓட்டத்திலும் சாரதி, மனசிலும் சாரதி’ என்று மைக்கில் ஒரு போடு போட்டேன்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். என் மனைவி பிரேமலதா தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்: “அப்பம் கோப்பையை யாருக்குக் குடுத்தாவ?”

அவனுக்குத்தான். வேறு யாருக்கு?

“சரி” என்றாள். மிஷின் ஓடியது. அந்தச் ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்தச் ‘சரி’ இரண்டு நாளாக என் கூடவே வருகிறது. என் மைக்செட் கடையில் வேலை இல்லை. பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். பந்தயத்துக்குப் போன நாளெல்லாம் குறித்து வைத்திருக்கிறேனே.

இரண்டு வருஷத்தில் காளீஸ்வரன் என்னிடம் மைக் வாங்கி ‘தப்பு எம்மேலதான்’ என்று சொன்னது ஏழு தடவை. ஏழு தடவையும் ஒரே தப்பு. வளைவு, மண், குறுக்கே ஏறுவது. ஏழு தடவையும் என் கையெழுத்தில் ‘என்ன மனுஷன்!’ என்று எழுதியிருக்கிறேன். ஆச்சரியக்குறி வேறு.

அவசரத்தில் தெரியாமல் செய்துவிடுகிறானா? இல்லை. எந்த இடத்தில் இறங்கினான், எவன் வண்டியை மறித்தான், எல்லாவற்றையும் அளந்து சொல்கிறான். அவ்வளவு தெரிந்தவன் மறுபடி ஏன் செய்கிறான்? எனக்கு அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பாடுகிற ரேடியோவையும் பிரித்து உள்ளே பார்க்கவேண்டும் என்று சின்ன வயதில் கை பரபரக்குமே, அந்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

இடைசெவலில் காதுகுத்து வீடு. இரண்டு குழாய், ஒரு பெட்டி. மழை ஏய்த்த வருஷம். பந்தியிலும் ஜனம் மேகத்தைப் பற்றியே பேசுகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

மேலச்சடையனூர்க் கோயில் கமிட்டி நடத்திய பந்தயம். பசுவந்தனை ரோட்டில் போக நாலு மைல், வர நாலு மைல். போன ரோட்டிலேயே திரும்பி வரவேண்டும். இரண்டாவது மைலில் ஒரு வளைவு. வளைவை ஒட்டி, சோளம் அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பரமசிவன் என்பவரின் செம்மறிகள். அவர் மனைவி சங்கரம்மாள், ஆடு ரோட்டில் ஏறிவிடாமல் கம்பை நீட்டி மறித்துக்கொண்டு மண்ணோரமாக நின்றாள். காளீஸ்வரன் தாரை விட்டு மண்ணில் இறங்கினான். சக்கரம் அவளுடைய வலது பாதத்தில் ஏறி இறங்கியது. இரண்டு ஆடு அந்த இடத்திலேயே செத்துப்போயின.

அவன் நிற்கவில்லை. எல்லையில் கொடியைத் தொட்டுவிட்டு அதே வழியாகத் திரும்பினான். அப்போதும் அவள் அங்கேதான் கிடந்தாள். பந்தயம் முடிகிறவரை ரோட்டில் வேறு வண்டி வரமுடியாதே. ஒரு சேலையைச் சுற்றிக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரமசிவன் உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவன் நிற்கவில்லை. முதல் பரிசு.

ஜீப்பில் இருந்த எனக்குத் தூசியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

இறங்கியதும் மைக்கை வாங்கினான். “நான் பாத்தேன். போகும்போதும் பாத்தேன், வரும்போதும் பாத்தேன். நிக்கலை. ஜெயிக்கணும்னு வந்துட்டேன். தப்பு எம்மேலதான். அந்தத் தாயி என்னை மன்னிக்கணும்.” சொல்லிவிட்டு அழுதான். நடிப்பு இல்லை. மூக்கு ஒழுக அழுதான். அப்புறம் யாரோ ஒருத்தர் கை தட்டினார். அப்புறம் எல்லாரும்.

நான்? மைக் அவனிடம் இருந்தது, என் கை சும்மா இருந்தது. தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கோயில் முன்னால் கூட்டம். கமிட்டித் தலைவர் அழகிரிசாமி உட்கார்ந்திருந்தார், காடுகரை வைத்திருக்கிற சம்சாரி வீட்டு ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். காளீஸ்வரன் வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இரண்டு ஆட்டுக்கு இரண்டு சினையாடு என்று தீர்ப்பு. அவன் முன்கூட்டியே மூன்றாகக் கொண்டுவந்திருந்தான்.

அழகிரிசாமி எழுந்து சொன்னார்: “விழுந்து எந்திரிச்சாச்சு. இன்னையோட முடிஞ்சுபோச்சு. இனி இதப் பத்தி ஒருத்தரும் வாயெடுக்கப்புடாது.” இந்தப் பக்கத்து வழக்கம் இதுதான். சபையில் விழுந்தவனை மறுபடி யாரும் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் கேட்டவன்தான் குற்றவாளி. நல்ல வழக்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது இல்லாவிட்டால் இந்த ஊர்களில் பாதிப்பேர் வெட்டிக்கொண்டு செத்திருப்பார்கள்.

ஒன்றுதான் இடித்தது. சங்கரம்மாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவன் விழுந்தது எங்கள் முன்னால். மன்னித்தது நாங்கள். எங்களில் யாருக்குக் கால் போயிற்று?

பரமசிவன் மூன்று ஆட்டையும் பிடித்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 26, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போகிறீர்கள் என்று பிரேமலதா கேட்டாள். தெரிந்துகொள்ள என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

சங்கரம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டின கால் தலையணைமேல் இருந்தது. மைக்கில் பேசுகிறவர் என்று பரமசிவன் என்னைச் சொன்னதும், “அந்தக் கொரலு இவியதானா?” என்று ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “அன்னைக்கு அவிய மைக்குல என்னமோ சொன்னாவளாமே. என்ன சொன்னாவ?”

அவன் சொன்னது எனக்கு வரி வரியாக மனப்பாடம். அப்படியே சொன்னேன். கதை கேட்கிற மாதிரி கேட்டாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

“எல்லாஞ் சரியாத்தான் சொல்லியிருக்காவ. ஒண்ணுதான் தெரியல அண்ணாச்சி. அந்த வேகத்துல மாட்டைப் பிடிச்சு நிறுத்த ஏலுமா, ஏலாதா? ஆடுன்னா எனக்குத் தெரியும், ஒரு சத்தத்துல நிக்கும். பந்தய மாடு எனக்குத் தெரியாது. ஏலாதுன்னா சரி, மாட்டு வேகம், எந் தலையெழுத்துன்னு கெடப்பேன். ஏலும்னா...”

கட்டின காலைப் பார்த்துக்கொண்டே, “நடக்காம ஆடு மேய்க்க ஏலாதுல்லா. அதையே யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன், வேற என்ன வேலை” என்றாள்.

எத்தனை பந்தயம் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே.

மார்ச் 5, புதன்

காளீஸ்வரனைப் பார்க்கப் போனேன். வழக்கப்படி கேட்கக்கூடாததைக் கேட்கத்தான்.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து கட்டில் போட்டான், டீ வாங்கிவர ஆள் அனுப்பினான். இவனை வெறுக்க யாராலும் முடியாது. அதுதான் சிக்கல்.

நேராகவே கேட்டேன். “தம்பி, அந்த வளைவுல மாட்டைப் பிடிச்சிருக்க முடியுமா, முடியாதா?”

அவன் கோபப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னான். “போகும்போது ஏலாது அண்ணாச்சி. அந்த வேகத்துல கயித்தைப் பிடிச்சா மாடு கொடைசாஞ்சிரும். அது மாட்டு வேகம். வரும்போது நின்னிருக்கலாம். அது எந் தப்பு.”

“ஏன் நிக்கல?”

“பின்னால உங்க சத்தம் கேட்டுச்சு. எம்பேரைச் சொல்லிச் சொல்லி வந்திய. காதுல அது மட்டுந்தான் இருந்துச்சு.” என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டான் போல. உடனே கையைப் பிடித்துக்கொண்டான். “உங்களைக் குத்தஞ் சொல்லல அண்ணாச்சி. தப்பு எம்மேலதான்.”

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவன் அப்படிச் சொன்னால் நம் தலையில் ஒன்றும் இல்லை. கமிட்டி தலையில் இல்லை, ரோட்டை அடைத்தவன் தலையில் இல்லை, கை தட்டியவன் தலையில் இல்லை. எல்லாவற்றையும் அவனே அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். அப்புறம் அவன் என்ன செய்கிறான்?

அதையும் கேட்டேன். வெட்கமாகச் சிரித்தான். “சொல்லிட்டா நெஞ்சு லேசாயிரும். அன்னைக்கு நல்லாத் தூங்கிருவேன்.”

மார்ச் 6, வியாழன்

பிப்ரவரி 16 அன்று நான் எழுதியதில் ஒரு வரி பொய். தூசி இருந்தது உண்மை. தெரியவில்லை என்பது பொய்.

வளைவில் ரோடு திரும்புவதால் முன்னால் போகிறது எல்லாம் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். அவள் கம்பை நீட்டி நின்றதைப் பார்த்தேன். ஜீப்பின் குழாய் முன்பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது. ‘ஏம்மா, விலகு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் என்ன சொன்னேன்? ‘இறங்குறான் பாருங்க, இறங்குறான் நம்ம காளீஸ்வரன்!’

ஐயோ, அந்தச் சத்தத்தை நானே ரசித்துக்கொண்டுல்லா கத்தினேன். திரும்பி வரும்போதும் வாய் மூடினேனா? இல்லையே. அவ அங்கன கெடக்கா, நான் ‘முதல் பரிசு, முதல் பரிசு’ன்னு...

நிறுத்துகிறேன்.

மார்ச் 12, புதன்

சங்கரம்மாளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்ச் சொன்னேன். போகும்போது நிறுத்த ஏலாதாம், வரும்போது நின்றிருக்கலாமாம். அவனே ஒத்துக்கொண்டான் என்றேன். நான் பார்த்ததையும் சொன்னேன், விலகச் சொல்லாமல் கத்தியதையும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என்னுடையதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சொல்லியிருந்தா வெலகியிருப்பேன்” என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அது கோபத்தைவிட மோசம்.

அவனுடையதைத்தான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். “போகும்போது ஏலாதா? நெசமாவா?” ஆமாம் என்றேன். பெருமூச்சு விட்டாள். “அப்பம் சரி. கால் போனது போகும்போதுல்லா. வரும்போது நின்னா மட்டும் முளைச்சிருமா? மாட்டு வேகம்.” முகம் தெளிந்த மாதிரி இருந்தது. ஆட்டில் பாதியைப் பங்குக்கு வளர்க்க வாரத்துக்கு விட்டுவிட்டார்களாம், மிச்சத்தைப் பரமசிவன் மேய்க்கிறாராம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சித்திரைப் பந்தயத்துக்கான கமிட்டிக் கூட்டம். நோட்டீஸ் அடித்தாயிற்று. நடுவில் காளீஸ்வரன் படம்.

“இந்த வருஷம் அவன் ஓட்டவேண்டாம்” என்றேன். அழகிரிசாமி முறைத்தார். “விழுந்து எந்திரிச்ச ஆளைப் பத்திப் பேசப்புடாதுன்னு உமக்குத் தெரியாதாவே?”

“அவன் விழுந்தான். நான் இன்னும் விழலையே. என் தப்பைச் சொல்லலாமுல்லா?” என்று எழுந்தேன். டைரியில் எழுதியது எல்லாவற்றையும் சபையில் சொன்னேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தேன். இப்படிச் செய்தால் விஷயம் மறுபடி திறக்கும் என்று நினைத்தேன்.

கை தட்டினார்கள். பெரிய மனசு என்றார்கள். செல்லத்துரை என்னைத் தூக்கிவிட்டார். அழகிரிசாமி தன் தம்பியிடம் அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, “சரி, உம்மதும் முடிஞ்சுபோச்சு. அடுத்ததைப் பேசுவோம்” என்றார். திறக்கப் போனவன் நானே இன்னொரு பூட்டையும் போட்டுவிட்டு வந்தேன்.

போராடி ஒன்றை மட்டும் வாங்கினேன். வளைவில் தாரை விட்டு மண்ணில் இறங்கின வண்டிக்குப் பரிசு இல்லை. மற்றச் சாரதிகள் எல்லாரும் ஒப்புக்கொண்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். விடிந்ததும் பிரேமலதா காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “நேத்து நல்லாத் தூங்குனிய. குறட்டை தெருவே கேட்டுச்சு.”

உண்மைதான். இரண்டு மாசத்தில் நேற்றுத்தான் தூங்கினேன். காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

காளீஸ்வரன்தான் முதலில் வந்தான். ஓடைப்பால வளைவில் மண்ணில் இறங்கித்தான் வந்தான். ஆள் நிற்காத இடம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நேரே என்னிடம் வந்து கையை நீட்டினான். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

நான் மைக்கைக் கொடுக்கவில்லை. “மண்ணில் இறங்கிய வண்டிக்குப் பரிசு இல்லை. முதல் பரிசு செல்லத்துரை” என்று அறிவித்தேன். கூட்டம் கொதித்துவிட்டது. “ஏலே, மைக்கைக் குடுல!” என்று மண்ணை வாரி இறைத்தார்கள். வாயெல்லாம் கரிசல் மண்.

அவன் பரிசைக் கேட்கவே இல்லை. “கோப்பை போகட்டும் அண்ணாச்சி. நான் சொல்லணும்லா. மைக்கைத் தாங்க” என்றான். கெஞ்சினான்.

சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னேன்: “எங்கிட்டச் சொல்லு தம்பி. கேக்கேன்.”

என்னையே பார்த்தான். வாயைத் திறந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஆயிரம் பேரிடம் அழுதுகொண்டே சொல்கிறவனுக்கு ஒரு ஆளிடம் சொல்ல வரவில்லை! கையை இறக்கிக்கொண்டு மாட்டுப் பக்கம் போனான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அதிசயமாகவும் இருந்தது. அந்த முகத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

மே 9, வெள்ளி

இனிமேல் பந்தயத்துக்கு விளாத்திகுளத்திலிருந்து வேறு ஆள் பேசுகிறாராம். அழகிரிசாமி ஆள்விட்டுச் சொன்னார், மரியாதையாகத்தான். எனக்குக் கல்யாண வீடு இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

பசுவந்தனை ரோட்டில் மறுபடி பந்தயம். அதே நாலு மைல். மைக் என்னிடம் இல்லை. ஆனால் மண்ணில் இறங்கினால் பரிசு இல்லை என்பதைச் செல்லத்துரையும் மற்றவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் போவதாகவே இல்லை. சங்கரம்மாள்தான் சொல்லியனுப்பினாள். “பந்தயத்தை நான் பாத்ததே இல்லை அண்ணாச்சி. அன்னைக்கு வண்டி வந்தது மட்டுந்தான் தெரியும். எப்படித்தான் ஓட்டுதாவன்னு ஒரு நாள் பாக்கணும்.” பரமசிவன் சைக்கிளில் உட்காரவைத்து வளைவுக்குக் கொண்டுவந்தார். ரோட்டை விட்டு இருபதடி தள்ளி, காட்டுக்குள் கட்டாந்தரையில், ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து நின்றாள். நான் பக்கத்தில். கொஞ்ச தூரத்தில் அவர்கள் ஆடு ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தது.

முதலில் சத்தம் வந்தது, அப்புறம் தூசி. போகிற ஓட்டத்தில் காளீஸ்வரன் இரண்டாவதாக வந்தான். முதல் வண்டியை ஒட்டிக்கொண்டு, அன்றைக்கு வந்த அதே வேகம். நாலு வருஷம் அவன் பின்னால் ஜீப்பில் போனவன் நான், அந்த வேகம் எனக்குத் தெரியாதா? வளைவு வந்தது. மண் காலியாகக் கிடந்தது. மாடு பழக்கத்தில் மண்ணுக்குத் தலையைத் திருப்பியது.

அவன் கயிற்றைப் பிடித்தான். இரண்டு கையாலும் இழுத்துப் பின்னால் சாய்ந்தான். மாடு தலையைத் தூக்கிக்கொண்டு தாரிலேயே நின்றது. கொடைசாயவில்லை. ஒரு கணம் முழுசாகவே நின்றுவிட்டது. மூன்றாவது வண்டி அவனைத் தாண்டிப் போனது. அப்புறம் கயிற்றை விட்டான், தாரோடு வளைந்து போனான். எங்களை அவன் பார்த்தானா, பரிசு போய்விடும் என்று பிடித்தானா, தெரியவில்லை.

மூன்றாவதாகத்தான் வந்தானாம். புது ஆள் அவன் பெயரைச் சொல்லி மைக்குக்குக் கூப்பிட்டாராம். சொல்ல ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டு மாட்டைத் தண்ணிக்கு ஓட்டிப் போனானாம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் வளைவை விட்டு நகரவில்லை.

வண்டிகள் போய்த் தூசி அடங்குகிறவரை சங்கரம்மாள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“ஏலுதே அண்ணாச்சி” என்றாள். “போகும்போதே ஏலுதே.”

பாதத்தை எடுத்தபோதும் அழாதவள் என்று பரமசிவன் சொல்வார். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.